பொடி தின்ற எட்டும் கீரை தின்ற எட்டும்

கம்ப்யூட்டர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பட்டனைத் தட்டிய அடுத்த நொடியே 0.62 என்று காட்டிவிட்டது. அன்புச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஃபைஸ் சார், எதுக்கும் இன்னொரு தடவை தட்டிப் பாருங்களேன்."

"எத்தனை தடவை தட்டினாலும் அதேதான் மேடம் வரும். இது கணக்கு. பேரம் பேசறதுக்கு ஷேர் ஆட்டோவா?"

ஃபைஸ் அந்தத் தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற வியாதி. அன்புச்செல்வி அதே கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். வயது நாற்பத்தொன்று. வேங்கிக்காலில் சொந்த வீடு, கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிற கணவன் புகழேந்தி, எல்லாம் குறையில்லாமல் அமைந்துவிட்டது, ஒன்றைத் தவிர. எட்டு வருடமாக அவளுடைய முனைவர் பட்டம் மட்டும் முடிவேனா என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று. வருகிற டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருடமும் கோவிந்தா.

ஆராய்ச்சி என்னவோ சுலபமானதுதான். தண்ணீர்விட்டான் கிழங்கு, முருங்கை இலை, வெந்தயம் மூன்றையும் காயவைத்து அவளே அரைத்த பொடி. அதைத் தின்றால் மாட்டுக்குப் பால் கூடுமா, கூடாதா? அடி அண்ணாமலையில் காசியம்மாள் என்பவரிடம் பதினாறு கறவை மாடுகள் இருந்தன. எட்டு மாட்டுக்குத் தவிட்டோடு பொடி, எட்டு மாட்டுக்கு வெறும் தவிடு. மூன்று மாதம் தினமும் பாலை அளந்து, ஒவ்வொரு மாட்டுக்கும் முன்பைவிட எவ்வளவு கூடியது என்று பார்த்து, இரண்டு கூட்டத்தின் சராசரியையும் ஒப்பிடவேண்டும். இவ்வளவுதான்.

"பொடி ஒண்ணுக்கும் உதவாத சரக்குன்னே முதல்ல வச்சுக்குவோம் மேடம்" என்று ஃபைஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். "அப்படியிருந்தும் ரெண்டு சராசரிக்கும் நடுவுல இவ்ளோ வித்தியாசம் தற்செயலா வர எத்தனை வாய்ப்பு இருக்குன்னு டி டெஸ்ட் சொல்லும். நூத்துக்கு அஞ்சுக்கும் கம்மியா வந்தா, தற்செயல்னு தள்ளிவிடறது கஷ்டம். பொடியில ஏதோ விஷயம் இருக்குன்னு எடுத்துக்கலாம்." அதைக் கேட்டு அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. தன் கையால் அரைத்த பொடியை உதவாத சரக்கு என்று ஒரு பேச்சுக்குக்கூட வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது வந்திருப்பது நூற்றுக்கு அறுபத்திரண்டு. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பொடி தின்ற எட்டுக்குச் சராசரியாக நானூறு மில்லி கூடியிருந்தது. வெறும் தவிடு தின்ற எட்டுக்கு நானூற்றைம்பது!

அவளுடைய நெறியாளர் போனில் ஒரே போடாகப் போட்டார். "என்னம்மா இது? டேபிள்ல ஒரு ஸ்டார்கூட இல்லியே! ஸ்டார் இல்லாத டேபிளப் பார்த்தா எக்ஸாமினர் மூஞ்சி சுருங்கிப் போயிடும்மா." ஐந்துக்குக் கீழே வந்த எண்ணுக்குப் பக்கத்தில் போடுகிற நட்சத்திரக் குறியைத்தான் அவர் சொன்னார். பாவம், அவருக்கு வானத்து நட்சத்திரத்தைவிட அதில்தான் நம்பிக்கை.

வெறும் தவிட்டில் எப்படிப் பால் கூடும் என்று அன்புச்செல்விக்கு மண்டை காய்ந்தது. காசியம்மாளையே நேரில் கேட்டுவிடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தாள். எடுத்த நாளைப் பாருங்கள், ஆவணிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரமணாசிரமம் தாண்டி ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை ஒப்படைத்துவிட்டு, நமச்சிவாய கோஷத்துக்கு நடுவே அவளும் நடந்தாள். பாதிப் பேர் வெறுங்காலோடு பக்தியில் நடந்தார்கள். இவள் மட்டும் செருப்போடு எரிச்சலில் நடந்தாள்.

அடி அண்ணாமலை நெருங்கியபோது பாதையோரத்தில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தாள். வரிசையாக எட்டு மாடுகள். நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. ஜனங்கள் அகத்திக்கீரைக் கட்டை வாங்கி வாங்கி ஊட்டிவிட்டு, முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் சீப்பு வாழைப்பழத்தை அப்படியே நீட்டினார். முதல் மாட்டின் காதில் ஒரு மஞ்சள் டேக் ஆடியது. அதில் இருந்த ஒன்பது என்ற எண் அவளே எழுதியது. அது ரோஜா. பொடி கொடுக்காத கூட்டத்தைச் சேர்ந்த ரோஜா! அடுத்தது பத்து. அடுத்தது பதினொன்று.

அன்புச்செல்வி கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா! இன்னாக்கா இது?"

மாடுகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காசியம்மாளுக்கு வாயெல்லாம் பல். "வா டீச்சரு! கிரிவலமா? பையப் போ, வெயிலு ஜாஸ்தி."

"கிரிவலம் இருக்கட்டும். இந்த எட்டும் புல்லு, தவிட்டத் தவிர வேற எதையும் தின்னக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"பொடி குடுக்கக்கூடாதுன்னு சொன்ன. நான் குடுக்கலியே. என் பசங்க மேல சத்தியமா ஒரு சிட்டிக குடுக்கல."

"அப்ப இந்தக் கீரை?"

"அது ஜனங்க குடுக்கறாங்க. நானா குடுக்கறேன்?" காசியம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே வந்தார். குரல் கொஞ்சம் சூடேறியது. "நான் கேக்கறேன், எட்டு மாட்டுக்கு நீ ராஜ உபசாரமா மருந்துப் பொடி போடற. மீதி எட்டு இன்னா பாவம் பண்ணுச்சி? தெனம் அந்தாண்ட டப்பா தொறக்கற சத்தம் கேட்டா, இந்தாண்ட இதுங்க தலையத் தூக்கிப் பாக்குது டீச்சரு. எனக்கு மனசு கேக்குமா? நாலு புள்ளயப் பெத்து ரெண்டுக்கு மட்டும் சோறு போடுவாங்களா? அதான் பௌர்ணமிக்கு ரெண்டு நாளு, அப்பறம் ஞாயித்துக்கெழம, இதுங்கள மட்டும் ஓட்டிக்கினு வந்து நிறுத்தறேன். அதுக்குப் பொடி, இதுக்குக் கீர. ஒருத்தருக்கும் ஓரவஞ்சன இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேக்கலியே."

அன்புச்செல்வி ரோஜாவைப் பார்த்தாள். ரோஜா அகத்திக்கீரையை மென்றபடியே அவளைப் பார்த்தது. நிறையத் தின்று கொழுத்த முகம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, அழுகைதான் முந்தியது.

மறுநாள் காலை ஃபைஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மொத்தம் பத்தொன்பது நாள் கீரை தின்னிருக்குது" என்றாள் அவள். "அந்தப் பத்தொன்பது நாளையும் தூக்கிடுங்க. மீதிய வச்சுப் போடுங்க."

அவன் தூக்கினான். போட்டான். 0.046.

"ஸ்டார்!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து மேசைத் தமிழாசிரியர் டீயைக் கொட்டிக்கொண்டார். வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கிரானைட் பலகை சாக்குப் பையில் சுற்றி வைத்திருந்தது. 'முனைவர் அன்புச்செல்வி புகழேந்தி' என்று அவசரக்குடுக்கை கணவர் போன வருடமே வெட்டி வாங்கிவந்தது. அதைக் கேட்டில் பதிக்கக் கொத்தனாரைக் கூப்பிடுகிற வரைக்கும் அவள் மனசு ஓடிவிட்டது.

ஃபைஸ் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"மேடம், இந்தப் பத்தொன்பது நாளத் தூக்கணும்னு நீங்க ரிசல்ட் பாக்கறதுக்கு முன்னாடி முடிவு பண்ணீங்களா, பாத்தப்பறமா?"

"பாத்தப்பறம்தான். அதனால என்ன? கீரை தின்னது உண்மைதானே?"

"உண்மைதான். ஞாயித்துக்கெழம தின்ன கீரைக்குத் திங்கக்கெழமையும் பால் வரும். அதையும் தூக்கலாமா?" தூக்கினான். 0.08.

"வேணாம், அத திரும்பப் போடுங்க!"

"சரி. வியாழக்கெழமையத் தூக்கிப் பாக்கலாம்." 0.03. "பாத்தீங்களா, இன்னும் நல்லா வருது. உங்க மாடுங்க வியாழக்கெழம விரதமா? இருங்க, லட்சுமின்னு ஒரு மாடு ரொம்ப இழுக்குது. அதையும் தூக்கிட்டா..." 0.01. "ரெண்டு ஸ்டார்! இன்னும் அரைமணி நேரம் குடுங்க மேடம், உங்க பொடி தின்னா கோயில் நந்தியே பால் கறக்கும்னு நிரூபிச்சுக் காட்டறேன்."

அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது. கோபம் கோபமாக வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்டாரைக் கொடுத்தது பொடியில்லை, அவன் கையிலிருந்த கத்தரிதான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கக்கூடாதா என்று ஏக்கமாகவும் இருந்தது.

"இப்ப என்ன சார் பண்றது?"

"மறுபடியும் மொதல்லேர்ந்து. செப்டம்பர்ல ஆரம்பிச்சா டிசம்பர் முதல் வாரம் முடியும். இந்தத் தடவை ரெண்டு கூட்டத்துக்கும் டப்பா. செவப்பு மூடி ஒண்ணு, நீல மூடி ஒண்ணு. ஒண்ணுல உங்க பொடி, இன்னொண்ணுல சும்மா தவிட்டு மாவு, வாசனைக்கு ஒரு துளி வெந்தயம். எதுல எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் தெரியக்கூடாது, அந்தம்மாவுக்கும் தெரியக்கூடாது."

காசியம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் மூக்கின் மேல் விரலை வைத்தார். "எது மருந்துன்னு உனக்கே தெரியாதா? அப்பறம் இன்னாத்துக்கு உனக்கு டீச்சர் வேல?"

"தெரிஞ்சா நீங்க ஒரு பக்கம் சாய்வீங்க, நான் ஒரு பக்கம் சாய்வேன்க்கா. அதான்."

"சரி, எந்த மாட்டுக்கு எந்த டப்பான்னு யாரு சொல்றது? நீ சொன்னா ஓரவஞ்சன. நான் சொன்னாலும் ஓரவஞ்சன."

"குலுக்கிப் போடணும்க்கா. சீட்டு எழுதி..."

காசியம்மாளின் முகம் மாறியது. "திருவுளச் சீட்டா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அந்த ஊரில் பெண்ணுக்கு இரண்டு வரன் வந்து குழம்பினாலும், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்று அடித்துக்கொண்டாலும், சாமி முன்னால் சீட்டெழுதிப் போட்டு எடுப்பார்கள். எடுத்தபின் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். புரட்டாசி பிறக்கும் முன் ஒரு நல்ல நாளில், ஊர்க் கோயிலில் பதினாறு சீட்டுகள் பித்தளைத் தட்டில் குவிந்தன. குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு மூடிக்கு எட்டுச் சீட்டு எடுத்தார். லட்சுமி, ரோஜா, செவலை என்று அவர் படிக்கப் படிக்க, ஃபைஸ் வாசலில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டான். அவன் வகுப்பில் வருடாவருடம் தொண்டை கிழியக் கத்தியும் பிள்ளைகளுக்குப் புரியாத பாடம், இங்கே ஒரு தட்டுக் கற்பூரத்தில் புரிந்துவிட்டது. அவனுக்கே அது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அதன்பிறகு காசியம்மாள் ஆளே மாறிப்போனார். பௌர்ணமி வந்தது, ஞாயிறு வந்தது, ஒரு மாடும் கொட்டகையைவிட்டு நகரவில்லை. "அவரு எடுத்துக் குடுத்த சீட்டு. நடுவுல நாம பூந்தா தெய்வ குத்தம்" என்றுவிட்டார்.

ஆனால் கார்த்திகை தீபம் வந்ததே! மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் ஜனம். மாடு பாதைக்குப் போகவில்லையென்றால் என்ன, ஜனம் மாட்டைத் தேடிக் கொட்டகைக்கே வந்துவிட்டது. அன்புச்செல்வி பதறிப்போய் ஓடியபோது, காசியம்மாள் கையில் புளியங்குச்சியோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். எதிரே கீரைக்கட்டும் பழமுமாக முப்பது பேர்.

"ஒரு கட்டுதாம்மா. கோமாதாவுக்கு. புண்ணியம்" என்று சேலத்துக்காரர் ஒருவர் கெஞ்சினார்.

"புண்ணியத்த அந்தாண்ட போயித் தேடு! இங்க சாமி கணக்கு நடக்குது. கீரையக் கீழ வை!"

"மாடு பட்டினியாம்மா?"

"பட்டினியும் இல்ல, பந்தியும் இல்ல. பதினாறும் ஒண்ணா தின்னுது, ஒண்ணா கறக்குது. ஒருத்தன் ஒரு எல போட்டான்னா இந்தப் பொண்ணோட எட்டு வருசப் படிப்பு போச்சி. அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

சேலத்துக்காரர் அன்புச்செல்வியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீரையோடு பின்வாங்கினார். நெறியாளருக்கும் கணவருக்கும் இல்லாத அக்கறையோடு ஒரு பெண்பிள்ளை, குச்சியும் கையுமாகத் தன் படிப்புக்குக் காவல் நிற்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. "தேங்க்ஸ்க்கா" என்றாள். "போயி பாலக் கரெக்டா அள" என்றார் காசியம்மாள்.

டிசம்பர் எட்டாம் தேதி கணக்கு முடிந்தது. ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபைஸ் பட்டனைத் தட்டினான். சிவப்பு மூடிக்குச் சராசரியாக முந்நூற்றுப் பத்து மில்லி. நீல மூடிக்கு இருநூற்றெண்பது. 0.64.

பிறகு, எந்த மூடியில் எது என்று ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டிவைத்திருந்த கவரைப் பிரித்தான். நீல மூடிதான் பொடி.

மழை பெய்து புல் முளைத்ததில் பதினாறுக்கும் பால் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். அன்புச்செல்வி அரைத்த பொடிக்கு அதில் ஒரு பங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. எட்டு வருடமாக மிக்ஸியில் அரைத்து அரைத்து, வீட்டுச் சட்னியில்கூட வெந்தய வாசனை அடித்தது. அத்தனையும் தவிட்டு மாவுக்குச் சமம்.

"இந்தத் தடவை எந்த நாளையும் தூக்க வேணாமா மேடம்?" ஃபைஸ் மெதுவாகக் கேட்டான்.

"வேணாம்" என்றாள். "அப்படியே எழுதறேன். குடுத்தா குடுக்கட்டும், குடுக்கலைன்னா போகட்டும்."

நெறியாளர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். டிசம்பர் முப்பதாம் தேதி ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஜூனில் வாய்மொழித் தேர்வு. அது பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாக நாலு மாணவர்களும், போண்டாவுக்காக வந்த நாலு பேரும்தான் இருப்பார்கள். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் புகழேந்திக்கும் ஃபைஸுக்கும் நடுவில் பட்டுப்புடவை கட்டிக் காசியம்மாள் உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் கோதண்டராமன் கால்நடைத் துறையில் பெரிய ஆள். சிரிப்பு என்கிற சமாச்சாரத்தை எப்போதோ விட்டொழித்தவர். கடைசிப் பக்க அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு இடத்துலகூட ஸ்டாரக் காணோமே. பொடிக்கும் தவிட்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப எட்டு வருஷமா என்னதாம்மா கண்டுபிடிச்சீங்க?"

அன்புச்செல்வி வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்துவைத்த ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் காலை வாரிவிட்டன. நெறியாளர் விட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைத்தபோது, மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" காசியம்மாள் எழுந்து நின்றார். "டீச்சரு, நீ இன்னா இன்னாவோ நம்பரு காட்டின. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் மாட்டுக்கு அந்தப் பொடிய இனிமே போடவா, வேணாமா?"

அறையே அவளைப் பார்த்தது. எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

"வேணாம்க்கா" என்றாள் அன்புச்செல்வி. "அதால பால் கூடறதாத் தெரியல. உங்க தவிடே போதும்."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அவங்க பேச்ச நம்பி மாசக்கணக்குல மாட்டுக்குப் போட்டீங்களே. கடைசியில பிரயோஜனம் இல்லைங்கறாங்க. உங்களுக்கு வருத்தமா இல்லியா?"

"எனக்கின்னா சார் வருத்தம்? இதத் தின்னா பாலு ஆறாப் பாயும்னு சொல்லிக்கினு மாசம் பத்துப் பேரு பையத் தூக்கிக்கினு என் வீட்டுக்கு வரான். தன் சரக்கத் தானே வேணாம்னு சொல்ல இவ ஒருத்திதான் வந்திருக்கா. அந்தப் பத்துப் பேருக்கும் பட்டம் குடுத்தாலும் குடுப்பீங்க, இவளுக்குக் குடுக்க இன்னா யோசன?"

கோதண்டராமன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்தார்.